பொழுது விழும் நேரம்

11 டிசம்பர் 2025, வியாழன்
இன்றும் வயலுக்கு மேற்கே இருக்கும் மேட்டுக்குப் போனேன். மாட்டைத் தேடிப் போனதாக அம்மாவிடம் சொன்னேன். மாடு ஓடையோரம்தான் நின்றிருக்கிறது. "மாடு ஒரு பக்கம் மேயுது, நீ ஒரு பக்கம் மேயறியா கண்ணு?" என்று கேட்டாள்.

சூரியன் இரட்டைப் பாறைக்குத் தெற்கே இறங்கியது. நேற்றும் அங்கேதான், முந்தாநாளும் அங்கேதான். மார்கழி நெருங்கினால் இப்படித்தான், நகராமல் நிற்கும். என்னைப் போல.

12 டிசம்பர்
தை கழிவதற்குள் மில் வேன் வருமாம். மில்லுக்கு ஆள் சேர்க்கிற தமிழ்செல்வன் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார். திருப்பூர், ஹாஸ்டல், மூன்று வேளைச் சோறு. தையில் எனக்குப் பதினெட்டு முடிகிறது, அதனால் தடையில்லையாம். அம்மா சரி என்றுவிட்டாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "எட்டாவதோட நின்னுட்ட. நாலு பேருகிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கற. இங்கிருந்து என்னதான் பண்ணுவ?" என்றாள்.

மாட்டைக் கட்டப் போனேன்.

மில்லுக்குள் ஜன்னல் இருக்குமா? அதை யாரிடம் கேட்பது?

16 டிசம்பர்
பெருமாயி அக்கா கடையில் ஒரு சீட்டு. போட்டோ எடுக்கிற மோனிஷா என்பவர் நாமக்கல்லிலிருந்து மலைக்கு வந்து போன் எண்ணை விட்டுப் போயிருக்கிறார். சூரியன் மறைவதை எடுக்க, கூட்டம் போகாத இடங்கள் வேண்டும். எந்த மாதம் எந்த இடம் நன்றாக இருக்கும் என்று சொல்ல உள்ளூர் ஆள் வேண்டும்.

"கேட்டவனெல்லாம் வியூ பாயின்டுக்குப் போங்கன்னு கைய நீட்டிட்டான். நீதான நெதமும் மேட்டுல நிக்கற, எழுதிக்க சாமி" என்றாள் அக்கா. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். சோறு கூட ஸ்பூனால்தான் தின்றேன்.

19 டிசம்பர்
அனுப்பிவிட்டேன்! மேட்டில் மட்டும்தான் சிக்னல். எங்கள் வயல் படம்: அறுத்த நெல்தாள் மேல் பொன் வெயில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கதிர் கதிராக. அரை மணிக்குள் பதில் வந்தது. எப்போது வரலாம், எத்தனை மணிக்கு? 'தையில் பனி குறையும். பொழுது விழும்போது வாங்க' என்று எழுதினேன்.

உடனே போனில் அழைத்தார். மூன்று முறை. எடுக்கவில்லை. எழுதினால் வருகிறது, பேசினால் வருவதில்லை. எட்டாவதில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான்.

மேட்டைப் பற்றி எழுதவில்லை. அது என்னுடையது.

28 டிசம்பர்
சூரியன் நகரத் தொடங்கிவிட்டது. வடக்கே, ஒரு விரல் அளவு.

9 ஜனவரி 2026
கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பக்கத்து ஊர்களான எடப்புளி நாடு வரை நடந்துவிட்டு வந்தேன். அங்கே மரங்கள் மறைக்கின்றன, ஆகாது. இதுவரை மோனிஷாவுக்கு எழுதி அனுப்பியது: தைக்கு எங்கள் வயல். பங்குனிக்கு மொட்டைப் பாறை. காட்டுத்தீப் புகையில் சூரியன் குங்குமம் மாதிரி இருக்கும், கண் கூசாது. ஆவணிக்கு நடவு வயல். தண்ணீரில் இன்னொரு சூரியன். ஐப்பசிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேகம்தான். மேகம் மட்டும் போதுமா?

24 ஜனவரி
நாளை வருகிறார்கள், ஆறு பேர். இடம் பிடித்துப்போனால் மாதாமாதம் கூலி கொடுத்து என்னையே இடம் பார்த்துச் சொல்லச் சொல்வாராம் மோனிஷா. அது நடந்தால் மில்லுக்குப் போக வேண்டாம். நடக்காவிட்டால்...

அம்மாவிடம் சொல்லவில்லை.

25 ஜனவரி, ஞாயிறு
நாலு மணியிலிருந்து வயலில் நின்றேன். யாரும் வரவில்லை. ஐந்து மணிக்கு மேட்டுக்குப் பின்னால் பொழுது விழுந்துவிட்டது. வயல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஐந்தரைக்கு ஜீப் வந்தது, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்!

மோனிஷா அக்கா வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானம்மா பூங்குழலி? சூரியன் எங்கம்மா?"

மேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"போயிடுச்சா? ஆறே காலுக்குத்தானே போன்ல காட்டுது! பொழுது விழும்போதுன்னு நீதானே எழுதின?"

"சூரியன் ஞாயித்துக்கிழமை லீவு போட்டிருக்கும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மோனிஷா அக்கா சிரிக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது.

அப்போதுதான் புரிந்தது. எங்களுக்குப் பொழுது விழுவது என்றால் மேட்டுக்குப் பின்னால் மறைவதுதான். அடுப்பு பற்றவைப்பது, கோழி அடைப்பது எல்லாம் அந்த நேரத்துக்குத்தான். அதற்கப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் அது இருக்குமே, அதற்கு எங்கள் ஊரில் பேரே இல்லை. பேர் இல்லாததை நான் எப்படி எழுதியிருப்பேன்?

ஜீப் கதவைத் திறந்தார்கள். போகப் போகிறார்கள். என் மேடு மட்டும்தான் மிச்சம்.

"மேல இன்னும் விழலீங்க" என்றேன்.

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். பின்னால் மூச்சிரைப்பு. இரண்டு பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு அடிப்பதற்குள் மேலே. சூரியன் இரட்டைப் பாறைக்கு நடுவில், இரண்டு கல்லையும் தொடாமல் நின்றது. கேமரா சத்தம் மட்டும். லீவு என்று சொன்னவர் மண்டி போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

மேடு இனி எனக்கு மட்டும் இல்லை. கொஞ்சம் வலிக்கிறது.

26 ஜனவரி
மோனிஷா அக்கா காலையில் வீட்டுக்கே வந்து என்னை வேலைக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டார். மாதாமாதம் இடம் பார்க்க, வருகிறவர்களைக் கூட்டிப் போக. அம்மா மிளகு உதிர்த்துக்கொண்டே, "பொழுது விழுந்த பொறவு பொட்டப்புள்ளைய மேட்டுக்கு அனுப்பறதாங்க? நல்லாருக்குதுங்க ஞாயம்" என்றாள்.

"அங்கே விழாதும்மா" என்றேன். அம்மா நம்பவில்லை.

1 பிப்ரவரி
சாயங்காலம் அம்மாவும் என்னோடு மேட்டுக்கு வந்தாள். கையில் கொடுவாள், வழியெல்லாம் திட்டு. மேலே ஏறியதும் திட்டு நின்றது. கீழே எங்கள் வீடு நிழலில் கிடந்தது. அவள் முகத்தில் வெயில். கல்யாணமாகி இருபது வருஷம், விறகுக்காக எத்தனையோ நாள் காலையில் ஏறியிருப்பாள். இந்த நேரத்தில் ஏறியதே இல்லையாம்.

"இன்னுமா விழுவல?" என்றாள். கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு, "இத்தன வருசமா இந்த மேடு ஒரு மணி நேரம் முன்னாலயே என்னைய அடுப்படிக்குத் தள்ளிருக்குது பாரு."

இருட்டியதும் இறங்கினோம். மில்லைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன்.

9 பிப்ரவரி, திங்கள்
காலையில் வேன் வந்தது. நான் துணிப்பையைக் கட்டவும் இல்லை, கட்டாமல் இருக்கவும் இல்லை. பாதி மடித்து வைத்திருந்தேன். வேன் எங்கள் வீட்டு முன் நிற்காமல் போய்விட்டது. நேற்றே கடையில் வைத்து அம்மா, "அவளுக்கு இங்க வேல இருக்குதுங்க தம்பி" என்று தமிழ்செல்வன் அண்ணனிடம் சொன்னாளாம். பெருமாயி அக்கா சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் அம்மா காயப்போட்ட மிளகை அள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்குப் பொழுது எந்நேரம் விழும்?"

"கீழயா, மேலயா?"

"ரெண்டுந்தான் சொல்லேன்."