நான் கோடு போட்ட பத்து மணி நேரம்

பிஸ்கட்டவே
17.10.2007

அன்பு மகள் இஸ்ரத்துக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன், இங்கே சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. வாப்பாவுக்கு விலா எலும்பு கூடிவிட்டது, ஆனால் பெருநாளைக்குக்கூட கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். டிரக் விபத்து என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். வாப்பாவின் வண்டி இடித்த காரில் இருந்த பெண் இறந்துவிட்டாள். உன் வயதுதான்.

வாப்பாவின் லாக் புக் உனக்குத் தெரியும், எத்தனை மணி ஓட்டினார், எத்தனை மணி வேலை, எத்தனை மணி தூக்கம் என்று நாளுக்கு ஒரு தாளில் டிரைவரே கோடு போட வேண்டியது. அவர் கோடு கோணலாகப் போகும் என்று வருஷக்கணக்காக உன் ஹைஸ்கூல் ஸ்கேலை வைத்து நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் கையெழுத்து மட்டும் போடுவார். ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை, முந்தின இரவெல்லாம் ஓட்டி வந்தவர், காலை ஆறு முதல் மாலை நாலு வரை வேர்ஹவுஸில் லோடுக்காகக் காத்துக் கிடந்தார். வண்டியை நகர்த்து, பேப்பரைக் கொடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, சும்மாதான் ஒக்காந்திருந்தேன் என்றார். உட்கார்ந்திருப்பதும் ஓய்வுதானே என்று பத்து மணியையும் தூக்கத்தின் கட்டத்தில் போட்டேன். பத்து மணி ஓய்வு இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது சட்டம், நான் போட்ட கோட்டை வைத்துத்தான் அவர் கிளம்பினார். கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் டிஃபன் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை, ஃபஜ்ர் நேரத்தில் பென்சில்வேனியாவில் கண் அசந்துவிட்டார்.

இப்போது அந்தத் தாளில் இருப்பது யார் எழுத்து என்று அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். எல்லாம் என் கைதான் என்கிறார் வாப்பா. நீ வாயத் தொறக்காத, ரெண்டு பேரும் உள்ள போனா புள்ளைக்கு யாரு இருக்கா என்று கெஞ்சுகிறார். முப்பது வருஷத்தில் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆனாலும் தொழுகையில் நின்றால் அந்தப் பெண்ணின் தாய்தான் நினைவுக்கு வருகிறாள். வரும் மாதம் ஐந்தாம் தேதி விசாரணையில் நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ஃப்ரீவேக்குக் கிளம்பினால் சாவியைப் பிடுங்கி வை, கோபித்தால் கோபிக்கட்டும். அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. மறந்துவிடாதே, நான் உனக்கு எழுதிய பழைய கடிதங்களில் நாலைந்தை அதற்குள் அனுப்பு. வாப்பா எத்தனை சத்தியம் செய்தாலும், ஏழு என்ற எண்ணுக்கு நடுவே குறுக்குக் கோடு போடுவது நான்தான், லாக் புக்கிலும் கடிதங்களிலும் உள்ள தேதிகளைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தையும் கிழித்துப்போடாதே.

உன் உம்மா
மஹ்பூபா