கூடார வாசலில் வைத்த உப்பு

என் நெஞ்சைவிட்டு ஒருநாளும் அகலாத அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியை மணந்து மரக்காணத்து உப்பளக் கரைக்கு வந்த நாள்முதல் என் பேச்சைக் கேலி செய்தவர் நீங்கள் ஒருவரே. அதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டவரும் நீங்கள் ஒருவரே. பள்ளிப் படி மிதிக்காமல், நூலகத்து நாளிதழ் மேசையில் எழுத்துக்கூட்டித் தானாகவே கற்றவள் என்னும் பெருமை எனக்கு உண்டு. "ஏன்டி புலவரே, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்றதுக்கு இவ்ளோ நீட்டணுமா?" என்பீர்கள். இப்போது அப்படிக் கேட்பார் எவருமில்லை. ஆகவே, நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் மகள் கவிதாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். மருத்துவமனையில் என் கையைப் பற்றிக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அவ எங்க வேணா போகட்டும். மொதோ தடவ மட்டும் நீ கூடப் போ." அந்த வாக்கைக் காப்பாற்றப் போன இடத்தில், அவளையே உங்களிடம் அனுப்பிவிடப் பார்த்தேன் அண்ணி. அதை நானே என் கையால் எழுதித் தெரிவிப்பதுதான் முறை.

புதுச்சேரியில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்துத் தோழிகள் இருவர் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டார்கள். சனிக்கிழமை ஏறி, மலைமேல் கூடாரத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்குவது ஏற்பாடு. கவிதாவும் சேர்ந்துகொண்டாள்.

"அத்த, பேக்க முதுகுல மாட்டிக்கினு நாள் பூரா நடக்கணும். நீ வரத் தேவையில்ல."

"தேவையா இல்லியான்னு உங்கம்மா அப்பவே முடிவு பண்ணிட்டாங்க."

அவள் தன் பழைய ஷூவை எனக்குக் கொடுத்தாள். பெருமுக்கல் கோயிலுக்கு ஏறியதைத் தவிர மலை என்று ஒன்றை நான் மிதித்ததில்லை. அங்கேயும் பாதி வழியில் உட்கார்ந்து நீங்களும் நானும் வெள்ளரிக்காய் தின்றோமே.

புதிய இடத்தில் தலைசாய்ப்பதற்கு முன் வாசலில் ஒரு பிடி உப்பு வைப்பது நம் வீட்டு வழக்கம். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக் கட்டிலடியிலும் வைத்து நர்ஸிடம் திட்டு வாங்கியவர் நீங்கள். மலையில் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட முடியுமா? நீங்கள் கடைசியாக உங்கள் பாத்தியில் வாரிய உப்பு ஜாடியில் இருந்தது. தனக்கென்று ஒரு வீடு அமையும்போது முதலில் கொண்டுபோவதற்காகக் கவிதா பொத்திவைத்திருந்த உப்பு அது. அவளே அதை எடுத்துவந்து, "அம்மாவும் மலைக்கு வரட்டும்" என்றாள். அதில் கொஞ்சம் மட்டும் பிரித்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் துணிப்பையில் கட்டினேன்.

பையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "இது நம்ம கொழம்புக்கா, இல்ல மலைக்கே உப்பு போடப் போறியா?"

அடிவாரத்தில் வழிகாட்டி முருகேசன் எங்களை நிறுத்திவைத்து விதிகளைச் சொன்னார். சத்தம் போடக் கூடாது, சென்ட் போடக் கூடாது, தின்றது போக மிச்சத்தை எறியக் கூடாது. உப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை மலைக்கு உப்பைச் சுமந்து வருவாள் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

ஏறும்போது காட்டுக்கோழி ஒன்று குறுக்கே ஓடியது. குரங்குக் கூட்டம் எங்களை ஏற இறங்கப் பார்த்தது. ஈரமண்ணில் பதிந்திருந்த பெரிய குளம்புத் தடத்தை முருகேசன் குச்சியால் தொட்டுக் காட்டினார். காட்டெருமை.

"ஒரு காட்டெருமையாவது பாக்காம நான் எறங்க மாட்டேன்" என்றாள் தோழிகளில் ஒருத்தியான ஷாலினி.

"பாத்தீங்கன்னா எறங்க மாட்டீங்க, உருளுவீங்க" என்றார் முருகேசன்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அந்தத் தடத்துக்கு அருகே என் காலை வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதுமுதல் கவிதாவை எனக்கு முன்னால் நடக்கவிட்டு, அவள் முதுகுப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தேன்.

ஓடையை ஒட்டிய சமதரையில் கூடாரங்கள் அடித்தோம். பொழுது சாயும் நேரத்தில், முருகேசன் சுள்ளி பொறுக்கப் போயிருந்தபோது, ஒவ்வொரு கூடார வாசலிலும் ஒரு பிடி உப்பு வைத்தேன். கவிதாவும் நானும் படுக்கவிருந்த கூடாரத்துக்கு மட்டும் இரு கையாலும் அள்ளி வைத்தேன். அவள் பக்கத்தில் குந்தியிருந்து, குவியலை விரலால் தட்டிச் சீராக்கினாள். நீங்கள் இறந்தபின் அவள் உப்பைத் தொட்டதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

விடிந்தும் விடியாத வேளையில் ஓர் ஓசை கேட்டு விழித்தேன். பாத்தியில் பலகை இழுக்கும் ஓசை. சொரசொரவென்று, நிறுத்தி நிறுத்தி. அரைத்தூக்கத்தில் நீங்கள்தான் உப்பு வாருகிறீர்கள் என்று நினைத்தேன் அண்ணி. நினைத்து நிம்மதியாகக் கண்ணைக்கூட மூடிக்கொண்டேன்.

பிறகு பக்கத்தில் கைவைத்துத் தடவினேன். கவிதாவின் இடம் காலியாக இருந்தது.

கூடாரத்தின் ஜிப்பை விரலளவு விலக்கினேன். முழங்கால்வரை வெள்ளைத் துணி சுற்றியது போன்ற நான்கு கால்கள். அவற்றுக்கு மேலே ஒரு கருத்த சுவர். குனிந்திருந்த தலை, கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் கொம்பு. நான் வைத்த உப்பை அந்தக் காட்டெருமை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு ஜிப் இடைவெளி வழியாக என் முகத்தில் வெந்நீராவி போலப் பட்டது.

அது தனியாக வரவில்லை. சற்றுத் தள்ளி, செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று ஓடைப்பக்கச் சரிவை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சரிவில்தான் உங்கள் மகள் தண்ணீர்ப் புட்டியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். ஈரமுகத்தைத் துப்பட்டாவால் துடைத்தபடி, தலையைக் குனிந்தபடி. கன்றை அவள் பார்க்கவில்லை. தாயையும் பார்க்கவில்லை.

கூப்பிட்டால் தாய் மிரளும். கூப்பிடாவிட்டால் இன்னும் சில அடிகளில் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வந்து நிற்பாள். வாழ்நாளெல்லாம் சொற்களைச் சேர்த்துவைத்த எனக்கு அப்போது ஒரு சொல்லையும் பயன்படுத்த வழியில்லை.

எதிர்க் கூடாரத்தின் ஓரத்தில் முருகேசன் தெரிந்தார். உள்ளங்கையைத் தரைப்பக்கம் அழுத்திக் காட்டினார். அசையாதே என்று பொருள். அப்படியே கவிதாவின் பக்கம் திரும்பி அதே சைகையைச் செய்தார். அவள் நிமிர்ந்தாள். நின்றாள். கன்றும் நின்று அவளைப் பார்த்தது.

நக்கும் ஓசை நின்றுவிட்டது. வாசலில் உப்பு தீர்ந்துபோயிருந்தது. தாய் தலையை உயர்த்திக் கன்று போன பக்கம் காதைத் திருப்பியது. நாசியிலிருந்து ஒரு சீற்றம் வந்தது. முன்கால் ஒன்று மண்ணைத் தட்டியது.

என் தலைமாட்டில் துணிப்பை இருந்தது. மிச்சமிருந்த உப்பு முழுவதும் அதில் இருந்தது. அதை வெளியே கொட்டுவது சரியான செயலா, மேலும் ஒரு மடமையா என்று எனக்கு அப்போது தெரியாது. காட்டெருமையை இழுத்துவந்ததே உப்புதான். கொஞ்சநேரம் நிறுத்திவைக்கவும் அது ஒன்றே கையில் இருந்தது. பையின் வாயை ஜிப் இடைவெளியில் வைத்து, அரிசி கொட்டுவது போல ஓசையில்லாமல் சரித்தேன். பாதி என் மடியிலேயே கொட்டியது. அதையும் வழித்து வெளியே தள்ளினேன்.

தலை தாழ்ந்தது. அந்த நாக்கு என் விரல் நுனியைத் தொட்டது அண்ணி. பத்திருபது வருடம் உப்பில் வெந்த என் விரலையே அது அரம்போல உரசியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கும் தைரியமும் எனக்கு இல்லை.

தாய் நக்கும் ஓசை கேட்டு, கன்று திரும்பியது. தயங்கித் தயங்கி வந்து, தாயின் கழுத்தடியில் தலையை நுழைத்தது. கவிதா முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே ஒவ்வோர் அடியாக இறங்கி, ஓடைப் பாறைக்கு அப்பால் மறைந்தாள். அவள் மறைந்த பிறகுதான் விரலை உள்ளே இழுத்தேன்.

உப்பு தீர்ந்ததும் இரண்டும் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் காட்டுக்குள் நடந்தன.

முருகேசன் வந்து, ஈரமாய்க் கிடந்த மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "யாரும்மா உப்பு வெச்சது?"

"நான்தாங்க."

"எல்லா வாசல்லயுமா?"

"எல்லாத்துலயும்."

"நல்லா வெச்சீங்கம்மா. எல போட்டு விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி." மற்ற உப்பையெல்லாம் மண்ணோடு வெட்டியெடுத்து ஓடையில் கரைக்கச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குரிய தகுதி எனக்கு இருந்தது.

ஷாலினி முதுகுப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்தாச்சு. போதும். எறங்கலாம்."

கவிதா என்னிடம் வந்தாள். என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்தாள். உங்களைத் தூக்கிச்சென்ற அன்றும் அழாதவள், அந்த ஓடைக்கரையில் நெடுநேரம் அழுதாள். நானும் தடுக்கவில்லை.

திண்டிவனத்தில் பேருந்து மாறி மரக்காணத்துக்கு வரும்போது கேட்டாள்.

"அம்மா உப்பு மொத்தமும் போச்சில்ல அத்த?"

"போச்சு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நல்லாத்தான் நக்கிச்சு. அம்மா பாத்திருந்தா இன்னும் ரெண்டு பிடி போடுன்னு சொல்லியிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வேற உப்பு வேணும். அம்மா பாத்தியிலதான். ஆனா நீ வாரினது" என்றாள்.

அண்ணி, அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லவே தயங்கி, மலையில் வைத்துச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தாளாம். அவ்வளவு தூரத்துக்கு எப்படி அனுப்புவது என்று உங்களிடம்தான் கேட்டிருப்பேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் பாத்தியில் நேற்று நீர் பாய்ச்சினேன். இந்த வெயிலுக்கு விரைவில் உப்பு பூக்கும். அவள் குடியேறும் அறை எத்தனை மாடி மேலே இருந்தாலும், முதல் தடவை அவளுக்கு முன்னால் நான் ஏறுவேன். கதவடியில் ஒரு பிடி வைப்பேன். ஒரே ஒரு பிடி. அதையும் யார் நக்க வருகிறார்கள் என்று விடியும்வரை காவல் இருப்பேன். இது நான் உங்களுக்கு அளிக்கும் உறுதி.

உங்கள் தம்பியின் மனைவியும்,
உங்கள் மகளுக்கு மீதமிருக்கும் தாயும்,
நீங்கள் ஒருவரே அழைத்த பெயரில்,
புலவர்