உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மல்லிகைச் சரம்

என் தங்கம் புவனா,

போட்டுட்டாங்கடி! பெரிய லோரி நுழைய முடியாதபடி நம்ம தாமான் குடியிருப்பு ரோட்டுக்குக் குறுக்கே, தலைக்கு மேல இரும்புக் கம்பி. மஞ்சளும் கறுப்புமா சாயம் அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு நான் வர்றப்பல்லாம் "கம்பி வந்துச்சா கா?"ன்னுதானே முதல்ல கேட்ப. வந்துடுச்சு. நீ போன பிறகு வந்துச்சு.

நான் ஆறாம் வகுப்போட நின்னவ. டோபி கடையில துணி தேய்க்கிறவளுக்குக் கடிதாசி எழுத என்ன தெரியும்? ஆனா எல்லாரும் கம்பியைப் பத்திப் பேசறாங்க, என் தங்கச்சி பேரை ஒருத்தரும் சொல்லல. எனக்குப் பொறுக்கல. அதான் பேப்பருக்கு எழுதறேன்.

குறுக்கு வழின்னு கண்டெய்னர் லோரிங்க தமிழ்ப்பள்ளி வாசல்லயே பறந்த காலம் அது. மனு கொடுத்துப் பார்த்தோம். நீ பிரிக்பீல்ட்ஸ் டிசைன் ஆபீஸ்ல இருந்து வந்து, "படிக்கச் சொன்னா படிக்க மாட்டாங்க கா, பார்க்க வைக்கணும்"னு சொன்னே. என் மக தர்ஷினியைப் பள்ளி உடுப்புல நிக்க வச்சுப் படம் எடுத்தே. கலர் வேணாம், கறுப்பு வெள்ளைதான் ஆளை நிறுத்தும்னு சொல்லி, சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டு முச்சந்தியில ஒட்டினே.

மறுநாள் போய்ப் பார்த்தா படத்துல மல்லிகைச் சரம் தொங்குது! கீழே ஊதுபத்தி வேற. கறுப்புக் கட்டத்துக்குள்ள பிள்ளை முகத்தைப் பார்த்தா நம்ம ஆளுங்க வேற என்னடி நினைப்பாங்க?

பூக்கடை வசந்தி ஆன்டி வேலை அது. "லோரி அடிச்சிருச்சுன்னு அழுதுக்கிட்டே கட்டினேன்மா. திரும்பினா உன் மக ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு வருது. எனக்கு மூச்சே நின்னுருச்சு!"

போன்ல உன்னை என்னவெல்லாம் கத்தினேன். நீ கொமுட்டர் ரயில் பிடிச்சு ஓடி வந்தே. ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம். லோரிக்காரங்க பூவைப் பார்த்துப் பிரேக் போடறாங்க! முன்னாடி நாம ஒட்டின நோட்டீஸையெல்லாம் யாரோ கிழிச்சாங்களே, இதை ஒருத்தரும் தொடல.

"அப்படியே விட்டுடு லா"ன்னு நானே சொன்னேன். சொல்லும்போதே வாய் கூசுச்சு.

"இல்ல கா. யாரும் சாகல. பொய் சொல்லி நிறுத்தக் கூடாது"ன்னே. பூவைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, படத்துக்குக் கீழே தமிழ், மலாய், சீனம் மூணுலயும் எழுதினே. சீனத்துக்கு மளிகைக்கடை அங்கிள் கை கொடுத்தார்.

"இந்தப் பிள்ளை உயிரோட இருக்கு. இப்படியே இருக்கட்டும்."

அதைப் படிச்சுட்டு ஒரு மலாய்க்கார அம்மா தன் பையனை இழுத்து அணைச்சுக்கிட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அப்புறம்தான் எல்லாரும் போன்ல படம் எடுத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதிகாரிங்க வந்து ரோட்டை அளந்தாங்க. நீ படுக்கையில விழுந்துட்டே.

நேத்து ஒரு பெரிய லோரி கம்பிக்கு முன்னாடி மாட்டிக்கிச்சு. டிரைவர் இறங்கித் தலையைச் சொறியறான். வசந்தி ஆன்டி, "பாஸ், ரிவர்ஸ் பாஸ்! உங்க லோரி குனியாது!"ன்னு கத்துது. ரோடே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சுட்டேன். நீ போன பிறகு முதல் தடவை. தப்பாடி அது?

இப்பல்லாம் பள்ளி விடற நேரத்துல இஸ்திரிப் பெட்டியைப் போட்டுட்டு நான் வாசலுக்கு ஓடறதில்ல. நெஞ்சு லேசா இருக்கு. அதை உன்கிட்ட சொல்ல முடியலையேன்னுதான் இருக்கு.

டெங்கில் ஊர்ல இருந்து சில அம்மாங்க வந்தாங்க. அவங்க ரோட்டுல மணல் லோரியாம். உன் ஆபீஸ் தோழி படம் செஞ்சு தரேன்னுச்சு. வந்தவங்கள்ல ஒரு பொண்ணு, "அக்கா, அடிபட்டுக் கிடக்கிற மாதிரி, ரத்தத்தோட போட்டா சீக்கிரம் நடக்கும்ல?"ன்னு கேட்டா.

"வேணாம்மா. பிள்ளைங்க உயிரோட இருக்கும்போதே கேட்போம்"னேன். எந்தத் தாமான்காரங்க வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன், புவனா. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவ,
சாந்தி அக்கா
கிள்ளான்