ஷிஜியக்காவின் வலது கை

நவம்பர் 4, திங்கள்

காலையில் மழை. மைதானத்தின் மேற்கு மூலையில் தண்ணீர் நின்றது. மீதி இடத்தில் பயிற்சி. ஷிஜியக்கா அறுபது பந்து எறிந்தாள், நான் குந்தியிருந்து அறுபதையும் பிடித்தேன். ஒன்றரை வருடமாக இதுதான் என் வேலை. சாஃப்ட்பாலில் அவள் பிட்சர், நான் கேட்சர். அவள் பி.ஏ. ஹிஸ்டரி மூன்றாம் வருடம், நான் பி.காம். இரண்டாம் வருடம். கேரள எல்லையோரப் பாறசாலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். மற்றபடி வகுப்பு வேறு, ஞாயிற்றுக்கிழமை போகும் சபை வேறு.

யூணிவர்சிட்டியின் கல்லூரிகள் போட்டியில் எங்கள் கல்லூரி இதுவரை அரையிறுதியைத் தாண்டியதில்லை. எங்களைப் பயிற்றுவிக்கும் விமலகுமாரி டீச்சர் மட்டும், "இந்தத் தடவை கப்பு நமக்காக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஷிஜியக்காவின் கையை நம்பித்தான் சொல்கிறார்.

நவம்பர் 7, வியாழன்

முதல் ஆட்டம், காட்டாக்கடைப் பக்கத்துக் கல்லூரியுடன். 9–1. ஷிஜியக்கா பதினொரு பேரை மட்டை பந்தில் படாமலே அனுப்பினாள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு.

நவம்பர் 12, செவ்வாய்

இரண்டாவதும் வெற்றி, 4–0. ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து இரண்டு தடவை எனக்கு ஒரு முழம் முன்னாலேயே தரையில் குத்தியது. பந்து ஈரமென்று அவள் சொன்னாள். பந்து ஈரமாக இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

பஸ்ஸில் கம்பியை இடது கையால் பிடித்திருந்தாள். பையும் இடது தோளில். கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை பிள்ளே. உறங்கினப்பம் கை மடங்கிப் போச்சு." நெய்யாற்றின்கரை வந்தபிறகு மெதுவாக, "டீச்சருட்டப் பறயாதே, கேட்டியா? இந்த வருஷம் யூணிவர்சிட்டி டீமுல எனக்க பேரு வரணும். வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பி.பி.எட். சீட்டு உண்டு, பி.டி. டீச்சர் ஆவலாம். இல்லைன்னா அப்பா கெட்டிக் குடுத்துருவாரு."

சரி என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கால் இறுதி. 3–2. ஜெயித்தோம். பெருங்கடவிளையிலிருந்து அவளுடைய மாமா குடும்பம் எல்லாம் பார்க்க வந்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கழிப்பறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வலியினால். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றேன். மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் நடுவில், ஒரு புடைப்பு. தொட விடவில்லை.

சொல்லலாமா? சரி என்று நான்தானே சொன்னேன்.

நவம்பர் 20, புதன்

சொல்லிவிட்டேன்.

"எப்பம் முதல்?" என்றார் டீச்சர்.

"ஒரு வாரமா."

"ஒரு வாரம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

ஷிஜியக்காவைக் கூப்பிட்டார். கட்டைவிரலால் அந்த இடத்தை அமுக்கினார். அவள் கண்ணில் நீர் வந்தது. "வலிக்கல்ல டீச்சர்" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் ஓய்வு, வலி போகாவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்றாராம் டாக்டர். ஷிஜியக்கா படத்தை டீச்சர் மேசையில் வைத்தாள். "பாத்துக்கோங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்லைங்காவ. நீ என்ன சொல்லுதே எப்சி?"

"பந்து வாறது சரியில்லை டீச்சர். அவளால பந்தைப் பிடிக்கவே முடியல்ல. மூணு விரலாலதான் அவ எறியுதா."

டீச்சர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அரையிறுதியில் பிரசீதா எறியட்டும் என்றார். பிரசீதா முதல் வருடம். இதுவரை ஒரு முழு ஆட்டம் எறிந்ததில்லை.

வராந்தாவில் ஷிஜியக்கா கேட்டாள்: "உனக்கு நான் என்ன செய்தேன்?"

அவ்வளவுதான் கேட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

ஷிஜியக்காவின் அம்மா விஜயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆபீஸிலிருந்து நேராக. கையில் கறை அப்படியே இருந்தது. "எனக்க பிள்ளை படிச்சு ஒரு வேலைக்குப் போவான்னு நான் இருக்கேன். டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொன்ன பிறகு உனக்கு என்னட்டி இவ்வளவு?" என்று வாசலில் நின்றே கேட்டார். அம்மா போட்ட சாயாவைக் குடிக்கவில்லை.

அவர் போனபிறகு அம்மா என்னிடம், "நீ கண்டதைத்தானே சொன்னே?"

"ஆமா."

"அப்பம் சாப்பிடு."

நவம்பர் 23, சனி

பஸ்ஸில் ஷிஜியக்கா முன்வாசலில் ஏறினாள். நான் பின்வாசலில்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

கைக்காகத்தான் சொன்னேனா? செவ்வாய்க்கிழமை பாட்டிலோடு நின்றபோது வேறொன்றும் நினைத்தேன். அவ இல்லைன்னா யூணிவர்சிட்டி டீமுக்கு ஆளெடுக்கிற தேர்வாளர்கள் கேட்சரைப் பாப்பாங்கன்னு நினைச்சேன். நினைச்சது உண்மை. ஒரு நொடிதான் — ஆனா நினைச்சேன். அதுக்குப் பொறவுதான் சொல்லப் போனேன். எது முதல்ல, எது பொறவு? எனக்கு அறியாது. இதை வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

அரையிறுதி. 7–6. பிரசீதா பூவார்க்காரி. பந்தில் வேகம் கிடையாது, ஆனால் நான் கிளவுஸைக் காட்டும் இடத்துக்கு வரும். நிறைய அடித்தார்கள், நாங்கள் அதைவிட ஒன்று கூடுதலாக அடித்தோம். ஷிஜியக்கா பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் ஸ்கோர் எழுதினாள். டீச்சர் சொன்னதால்.

நவம்பர் 29, வெள்ளி

இறுதி ஆட்டம், திருவனந்தபுரத்தில். மூன்று வருடமாகக் கப்பை வைத்திருக்கும் நகரத்துக் கல்லூரி. வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தேர்வாளர்கள் மூன்று பேர்.

கடைசி, ஏழாவது இன்னிங்ஸில் நாங்கள் 3–2 முன்னால். அவர்கள் மட்டை. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி போதும். அங்கேதான் பிரசீதாவுக்குக் கை நிற்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பேருக்கு நாலு நாலு பந்து வெளியே எறிந்து, சும்மா பேஸ் கொடுத்தாள். நன்றாக ஓர் அடி விழுந்தால் அந்த இரண்டு பேரும் ஓடி வந்துவிடுவார்கள், ஆட்டம் போய்விடும். அடுத்து வந்தது அவர்களுடைய கேப்டன். அன்று ஏற்கெனவே இரண்டு தடவை நன்றாக அடித்தவள்.

நேரம் கேட்டு பிரசீதாவிடம் போனேன். "எனக்குப் பற்றாது சேச்சி" என்று, முடியாதென்பதுபோல் தலையை ஆட்டினாள். அழவில்லை, ஆனால் உதடு காய்ந்திருந்தது. நான் காட்டுற இடத்தை மட்டும் பார் என்றேன். திரும்பி வந்து குந்தினேன்.

அப்போது பெஞ்சிலிருந்து சத்தம்:

"எட்டி எப்சி! அவ தாழ வாறதைத்தான் அடிப்பா. மேல வை! நெஞ்சுக்கு மேல!"

ஷிஜியக்கா. எழுந்து நின்றிருந்தாள். மைதானத்தில் நாங்கள் மலையாளத்தில்தான் கத்துவோம். இது எங்கள் ஊர்த் தமிழில் வந்தது, எதிராளிக்குப் பிடிபடாதபடி வேகமாக.

கிளவுஸை நெஞ்சுக்கு மேலே காட்டினேன். முதல் பந்து மிக உயரம், விட்டுவிட்டாள். இரண்டாவதை வீசித் தவறவிட்டாள். மூன்றாவதை அடித்தாள். பந்து நேராக மேலே போய், எனக்குப் பின்பக்கமாகச் சாய்ந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். வெயில் கண்ணில். வேலிக்கம்பி முதுகில் இடித்தது. பந்து கிளவுஸில் இருந்தது. மூன்றாவது அவுட், கப்பு எங்களுக்கு.

பிரசீதா என்மேல் வந்து விழுந்தாள். டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே அழுதார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து பெஞ்சைப் பார்த்தேன். ஷிஜியக்கா ஸ்கோர் புத்தகத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பி, கோடு போட்டு, மூடினாள். குழுப்படத்தில் மறு ஓரத்தில் நின்றாள்.

நவம்பர் 30, சனி

பத்திரிகையில் படம். என் பெயரை 'ஜெப்சி' என்று போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

யூணிவர்சிட்டி முகாமுக்கான பட்டியல் வந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பெயர். ஒன்று என்னுடையது. ஷிஜியக்கா பெயர் இல்லை. அம்மா கோழி வாங்கினாள். சாப்பிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஷிஜியக்காவுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். முன்கை எலும்பில் கீறல் இருக்கிறதாம். முதலில் இது படத்தில் தெரியாதாம், ஆறத் தொடங்கும்போதுதான் தெரியுமாம். தொடர்ந்து எறிந்திருந்தால் முழுக்க ஒடிந்திருக்கும் என்றாராம் டாக்டர். ஆறு வாரம் பிளாஸ்டர்.

"நீ சொன்னது உண்மையாக்கும் மக்கா" என்றார் டீச்சர்.

அவள் எலும்பில் கீறல் என்று கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. அது என்ன நிம்மதி?

டிசம்பர் 16, திங்கள்

ஜனவரியில் ஷிஜியக்காவுக்கு செமஸ்டர் பரீட்சை. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். வேறு பாடம் படிக்கிறவளாக, கீழ் வருடத்துக்காரியாக இருக்க வேண்டுமாம். விண்ணப்பத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"என்கிட்ட கேக்கவே இல்லையே டீச்சர்."

"இப்பம் நான் கேக்குதேன்."

எழுதுகிறேன் என்றேன்.

ஜனவரி 8, புதன்

தனி அறை. அவளும் நானும் கண்காணிப்பாளரும். அவள் மலையாளத்தில் சொன்னாள். நான் பத்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள், மலையாளம் எழுத மெதுவாகத்தான் வரும். என் பேனா வந்து சேரும் வரை நின்றாள். பிறகு அடுத்த வாக்கியம். "பத்தி மாத்து." "அதுக்கு அடியில கோடு போடு." மூன்று மணி நேரம். ஒரு கேள்வியில் பாதியில் நிறுத்திவிட்டு, தெரியாது, அடுத்ததுக்குப் போ என்றாள். போனேன்.

வெளியே வந்ததும் சாயாக் கடையில் இரண்டு சாயா சொன்னாள். கண்ணாடி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வெள்ளிக்கிழமைப் பேப்பரு எனக்குச் சுத்தமா வராது. நான் விடுற இடத்துல நீயா வல்லதும் ரெண்டு வரி சேத்து எழுதுவியாட்டி?"

"மாட்டேன் அக்கா."

"எனக்கு அறியும்" என்றாள். "அதுக்குத்தானே உனக்க பேரைக் குடுத்தேன்."

வெள்ளி, ஒன்பதரை மணி. பேனா இரண்டு கொண்டுபோக வேண்டும்.