ஆறாவது தோள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பங்குக்கோயிலில் ஆண்கள் சபை ஒன்று இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாருக்கும் அவர்களே சமைத்துப் போடுவார்கள். முட்டை எப்படியும் கருகிவிடும். ஆனால் யாருமற்று இறந்தவர்களின் பெட்டியைச் சுமப்பவர்களும் அவர்கள்தான்.

போன வாரம் என் ஆஸ்பத்திரி வார்டில் இறந்த பெரியவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சபைத் தலைவரான பிளம்பருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுமக்கும் ஆறு பேரில் ஓர் ஆள் குறைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பார்க்குறே? வந்து பிடி."

"நான் சபையில இல்லையே, அங்கிள்!"

"பெட்டிக்குள்ள இருக்கிறவரும்தான் இல்ல."

நான் குட்டை என்பதால் தோளில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டார்கள். வலியெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள்.

அம்மாவைச் சுமந்த நம் ஊர்ச் சபைக்காரர்களின் முகத்தை அன்று நான் பார்க்கவே இல்லை. அவர்கள் மாதாமாதம் வந்து ஞாயிறு சமையலுக்குக் கூப்பிட்டும் நீங்கள் கதவைத் திறப்பதில்லை என்று சித்தி சொன்னார்கள். இந்த ஞாயிறு போங்கள், அப்பா. எனக்காக அவர்களைப் பாருங்கள். முழங்கால் வலியோடு பெட்டி சுமக்க வேண்டாம், முட்டையைக் கருக்கினால் போதும்.

அம்மாவின் கம்பளிச் சால்வையை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்