அண்ணனை முதல்ல எடுங்க

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவும் அக்காவும் சுகம். நானும் சுகம் என்றே எழுதுகிறேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதால் அது பொய்யாகாது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பாள். என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வேலையில் கண்ணாடி கழுவுகிற தொட்டில் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் இதைப் படித்துவிட்டு அவளிடம் ஒன்றும் கேட்காதே. அக்காவுக்கு மட்டும் தெரியும். நான் படிக்கட்டு ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை அவள் பார்த்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொட்டில் உனக்குத் தெரியும். சின்ன வயதில் கீழே நின்று எனக்குக் கையாட்டியிருக்கிறாய். உயரக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து இரண்டு கம்பிக் கயிற்றில் தொங்கும் நீளத் தட்டு. அதில் நின்று இரண்டு பேர் வெளிக்கண்ணாடியைக் கழுவி, ரப்பரால் வழித்துவிடுவோம். இப்போது என் ஜோடி அணில். அவனுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. ஏறுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். உன்னைவிட ஒரு வயது மூத்தவனாக இருக்கலாம். வாய் ஓயாது. பாடுவான், பாட்டில் பாதி வரி மறந்துபோனால் சொந்தமாக வரி சேர்த்துக்கொள்வான். வேலை தொடங்குமுன் கம்பியில் கை வைத்துக் கண்ணை மூடி ஏதோ சொல்வான். "மேல போறதுக்கு முன்னாடி மேல இருக்கிறவருகிட்ட சொல்லிட்டுப் போறேன் அண்ணே" என்பான். நான் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொள்வேன்.

போன புதன்கிழமை அவன் நின்ற பக்கத்துக் கம்பி திடீரென்று வழுக்கிவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அந்த முனை கீழே போனது, தட்டு ஏறக்குறையச் செங்குத்தாக நின்றது. வாளிகள் போய்விட்டன. அவை கீழே விழுந்த சத்தம் வர வெகு நேரம் ஆனது. நான் மேல் முனையில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். அணிலை அவனுடைய பாதுகாப்பு பெல்ட் பிடித்து நிறுத்திவிட்டது. ஆனால் தட்டு சுவரில் மோதியபோது அவன் வலது கால் நடுவில் சிக்கிக்கொண்டது.

கண்ணாடிக்கு உள்ளே ஓர் அலுவலகம். ஒரு பெண் ஓடி வந்து எனக்கு நேரே நின்றாள். அவள் காதில் தோடு ஆடியதுகூடத் தெரிந்தது. ஏதோ சொன்னாள், ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. ஒரு சாண் தூரத்தில் நாற்காலியும் மேசையும் ஆறிப்போன காபியும் இருக்க, நான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன் தம்பி. மூன்று தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பம் நம்முடையது. சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வது, படுக்கப் போகுமுன் சொல்வது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றும் வரவில்லை. "ஐயோ, ஐயோ" என்பதுதான் வந்தது. அதையும் யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியாது.

கீழே அணில் பேசிக்கொண்டிருந்தான். முதலில் என்னோடு பேசுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் அவன் கர்த்தரோடு பேசுகிறான் என்று புரிந்தது. "அப்பா, கால் போயிருச்சுன்னு நினைக்கிறேன். ரொம்பப் பயமா இருக்கு. அண்ணன் கை நடுங்குது, அவரை விட்டுராதீங்க" என்று அழுதுகொண்டே சொன்னான். வாந்தி எடுத்தான். துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசினான். அவன் வீரனாக எல்லாம் இல்லை. என்னைப் போலவே நடுங்கினான். ஆனால் பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் பேசுவதைப்போலப் பேசினான். நடுவில் என்னிடம், "அண்ணே, என்னைப் பார்க்காதீங்க, இங்க ரத்தமா இருக்கு. அந்த அக்கா முகத்தையே பாருங்க" என்று சொன்னான். நான் அப்படியே செய்தேன்.

மீட்புக்காரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கட்டித் தூக்க முடியும். மிச்சமிருந்த கம்பியும் முறுக்குப் பிரிகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அடிபட்டவனைத்தான் முதலில் எடுப்பது வழக்கமாம். ஒருவர் அவன் பக்கம் போனார். அவன் கையால் தடுத்து, "அண்ணனை முதல்ல எடுங்க. நான் ரெடி. அவர் இன்னும் ரெடியாகல" என்றான்.

அந்த மனிதர் பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்து, என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். சாவைச் சந்திக்கத் தயார் என்கிறான் என்று எனக்குத்தான் புரிந்தது. கால் விடுபட நேரமாகும் என்று தெரிந்ததும் என்னையே முதலில் தூக்கினார்கள். மேலே போகப் போக அவன் சின்னதாகிக்கொண்டே போனான். என் பிள்ளை வயதுப் பையனைத் தனியாக விட்டுவிட்டு நான் மேலே போகிறேன். அதைவிடக் கொடுமையாக, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அவனையும் உயிரோடு எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் காய்ச்சல் ஏறி, டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது இறங்கியிருக்கிறது.

நேற்று போய்ப் பார்த்தேன். கதவருகே நின்றபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தான். நான் செருமிவிட்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும், "இனிமே அணில்னு கூப்பிடாதீங்க அண்ணே, நொண்டி அணில்னு ஒண்ணு கிடையாது" என்றான்.

ரெடி என்று எப்படிடா சொன்னாய், பயமில்லையா என்று கேட்டேன். "பயம் வேற, ரெடி வேற அண்ணே" என்றான். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு நாள் இயேசுவிடம், 'நான் உங்க பிள்ளை, இனி என்ன ஆனாலும் உங்களோடதான்' என்று சொல்லிவிட்டானாம். கூட்டாளிகள் சாமியார் என்று கேலி செய்திருக்கிறார்கள். அவனே பல தடவை சறுக்கி, பல தடவை திரும்பிப் போயிருக்கிறான். "தினமும் பேசிப் பேசிப் பழகிட்டேன். அங்க தொங்கிக்கிட்டு இருக்கும்போது போய், நான் இன்னார்னு அறிமுகம் பண்ணிக்க முடியுமா?" என்று கேட்டான். இளவயசு சந்தோஷம் எல்லாம் போயிருக்குமே என்று விடாமல் கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். "நல்லதை எல்லாம் நாம தின்னுட்டு, கடைசியில எலும்பைக் கொண்டுபோய் அவருக்கு வைக்கிறதா? நான் ஒண்ணும் இழக்கலை அண்ணே. பாட்டு இருந்துச்சு, கூட்டாளிங்க இருந்தாங்க, தப்புப் பண்ணினா போய்ச் சொல்ல ஆள் இருந்துச்சு" என்றான்.

அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பேச ஆரம்பித்திருக்கிறேன். 'ஆண்டவரே, நான் வந்திருக்கிறேன்' என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அணில் கண்ணை மூடியபடியே, "போதும், அவருக்கு அடையாளம் தெரியும்" என்றான். அவர் சேர்த்துக்கொண்டார் என்று நம்புகிறேன். ஆனால் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறார்களே, வளைகிறது தம்பி. எலும்பு நொறுங்குகிற சத்தம்தான் கேட்கிறது. இத்தனை வருஷம் அவரோடு பேசியிருக்கலாமே, உங்களை வளர்க்கும்போது, உன் தாத்தா சாகும்போது, நான் தனியாகத் திணறிய நாட்களில் எல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாரே என்று நினைக்கும்போதுதான் வலிக்கிறது.

நீ படிக்கிற ஊர்ச் சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் போகிறாயா என்று அம்மா கேட்டபோது, "இதெல்லாம் வயசானவங்க சமாச்சாரம்மா, படிப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்றாயாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா பயந்து போனதால் நீ விசுவாசிக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. பயத்தில் பிடிக்கிற கை, பயம் போனதும் விட்டுவிடும். இதை நான் என்னையே வைத்துச் சொல்கிறேன். உனக்குக் கால் இருக்கிறது, குரல் இருக்கிறது, ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் காலையில் சிரிக்கிற உடம்பு இருக்கிறது. இதெல்லாம் புதிதாக இருக்கும்போதே அவர் கையில் கொடுத்துவிடு என்றுதான் கேட்கிறேன். வேதத்தை எடுத்து ஒரு சுவிசேஷத்தைக் கதை படிப்பதுபோல முதலிலிருந்து படி. சந்தேகம் வந்தால் சந்தேகத்தையே அவரிடம் சொல். அணில் அப்படித்தான் ஆரம்பித்தானாம். அவன் விலாசத்தைக் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். உனக்கு எழுத வேண்டும் என்று அவனுக்கும் ஆசை.

கம்பி எல்லாம் புதிதாக மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை மறுபடியும் ஏற வேண்டும். வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், கட்டடத்தில் அணிலின் ரத்தக் கறை அப்படியே நிற்கிறது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காற்று இல்லாத நாளாகப் பார்த்துத்தான் ஏற்றுவார்களாம். அம்மாவிடம் கீழ்த்தள வேலை என்று சொல்லியிருக்கிறேன். உள்ளங்கை இப்போதே வேர்க்கிறது, பார், எழுத்து கலைந்திருக்கிறது.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் கிடைக்கும். கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணுவாய். அதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அவரோடு பேசு. என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவோடு சண்டை போடாதே. அம்மாவை அடிக்கடி கூப்பிட்டுப் பேசு, அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேள். என் கை எட்டாத இடத்திலெல்லாம் அவருடைய கை உன்மேல் இருக்கட்டும், கண்ணே. இன்றைக்கும், நான் இல்லாத எல்லா நாளிலும்.

உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த
அப்பா