கிளியம்மாள் அக்கா வைத்த பொட்டு

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள விக்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், ஏரியிலும் தண்ணீர் இருக்கிறது. நீ நொய்டாவில் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் அனுப்பிய போட்டோவில் உன் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஆகவே நலம் விசாரிக்கிற வேலை முடிந்தது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று பேச்சு பேசிவிடுகிறாய். இதைப் படிக்கும்போது குறுக்கே பேச முடியாது, அதனால்தான். பார்சலில் பருப்புப் பொடி, எள் உருண்டை, குளிருக்கு அப்பா வாங்கிய குரங்குக் குல்லா எல்லாம் இருக்கிறது. அதற்கு அடியில் துணியில் சுற்றி, மெஷினை ஓட்ட நீ செய்து கொடுத்த போர்டும் இருக்கிறது. ஆமாம்டா, ஜெபராஜ் அண்ணனின் மெஷினிலிருந்து கழற்றிவிட்டேன். முதலில் ஓர் எள் உருண்டையைச் சாப்பிடு, பிறகு மீதியைப் படி.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு முன்தினம் கோவிலம்பாக்கத்தில் ஜெபராஜ் அண்ணனின் இட்லி மாவு யூனிட்டைக் கழுவி விட்டார்கள். அவர் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வேலை செய்கிறவர்களுக்காக வருஷா வருஷம் பூசணிக்காய் வாங்கித் தருகிறவர். பூஜையன்று அங்கே வேலை செய்கிற கிளியம்மாள் அக்கா பாக்கெட் போடும் மெஷினைத் துடைத்து, மாலை போட்டு, நான் ஒயர் போட்டுக் கொடுத்த பேனலின் கதவையும் திறந்து உள்ளே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். சுவிட்சுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று. உன் போர்டுக்கு நடுவில் இருக்கிற கறுப்புச் சிப்புக்கு மட்டும் கட்டை விரலால் பெரிசாக ஒன்று. ஏன் அக்கா என்று பிறகு கேட்டேன். “இன்னா ஹேமா இப்டி கேக்கற, அதான் மூளைன்னு தம்பிதான சொல்லிச்சு, மூளைக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது” என்றார். போன தடவை வந்தபோது அவரை நிற்க வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தாயே, அந்தப் பாடத்தை யூனிட்டில் ஒரே ஒரு ஆள்தான் கவனமாகக் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் ஈரச் சந்தனத்தோடு கரண்ட் போட்டார்கள். சீல் போடுகிற ஹீட்டர் அணையவே இல்லை, பிளாஸ்டிக் சுருள் உருகி உருளையில் ஒட்டிக்கொண்டது, சிப்பு செத்துவிட்டது. நான் போவதற்குள் டிரம்மில் மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. நாலு பெண்கள் கரண்டியால் மொண்டு கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஜெபராஜ் அண்ணன் வாசலில் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். லீவு நாளிலும் நீ மீட்டிங்கில் இருந்தாய். வேறொரு போர்டு கூரியரில் அனுப்புகிறேன், நாலு நாளில் வந்துவிடும் என்று குசுகுசுவென்று சொன்னாய். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. மாவு நாலு நாள் காத்திருக்குமாடா, நீ இட்லி சாப்பிட்டே ரொம்ப நாளாகிவிட்டது போலிருக்கிறது.

வண்டியை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனேன். டீலர் விஜயதசமி பூஜையை முடித்து ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார், பாதி இறங்கியதும் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். நீ கிண்டல் செய்வாயே, பழைய காலத்துச் சாம்பல் டப்பா என்று, ஃபாக்டரிகளில் மெஷின் ஓட்டுகிற அதே பி.எல்.சி கன்ட்ரோலரில் ஒன்று வாங்கினேன். ஒயரை மாற்றி, புரோகிராமை நானே எழுதி, சாயங்காலம் டீ வருவதற்குள் பாக்கெட் விழ ஆரம்பித்துவிட்டது. கிளியம்மாள் அக்கா அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். அது பிளாஸ்டிக் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, மெஷினும் ஓடுகிறது. அக்காமேல் கோபப்படாதே. அவர் அடுத்த வருஷமும் வைப்பார், கை கழுவாமல் கதவைத் திறப்பார், பேனல் பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவார். அப்படித்தான் மெஷின் இருக்கிற இடம் இருக்கும். உன் மேஜையில் ஏ.சி.யில் ஓடினது ஓட்டமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்பே மோட்டார் கிளம்பும்போது உன் போர்டு இரண்டு முறை எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்தான் ஒயரைத் தள்ளிப் போட்டுச் சரிசெய்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் விட்டேன். பிள்ளை முகம் வாடுமே என்று பார்த்தது என் தப்பு.

இப்போது நீ கத்தப்போகிற விஷயம். ஜெபராஜ் அண்ணன் மேடவாக்கத்தில் போடப்போகிற ஆறு மெஷினுக்கும் உன் போர்டையே எடுப்பதாகச் சொல்லியிருந்தார் அல்லவா. அத்தனைக்கும் கடைக் கன்ட்ரோலரே போடச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். போர்டு ஆயுத பூஜை தாண்டி ஓடினால் தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இதையே தொழிலாகச் செய்வேன் என்று சொல்லியிருந்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன். உன் போர்டு விலை குறைவு, அறிவு ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது செத்தால் வேறொன்று உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. டப்பா செத்தால் கிண்டியில் கிடைக்கும், நான் இல்லாவிட்டால் வேறு எவனாவது வந்து மாட்டுவான். உங்கள் அப்பா, “புள்ள ஆசையா செஞ்சத கழட்டிட்டியே, மனசு இன்னா பாடு படும்” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது.

சரி, மூக்கைத் துடைத்துக்கொள். முடிச்சூரில் யேசுதாசன் என்று ஒருவர் கடைகளுக்குக் காலால் மிதித்துச் சீல் போடுகிற சின்ன மெஷின் செய்கிறார். மாசத்துக்கு முந்நூறு, எல்லாம் ஒரே மாதிரி. அதற்கு ஒரு டைமரும் சூட்டைப் பார்க்கிற வேலையும் வேண்டும். அதில் பி.எல்.சி போட்டால் மெஷினைவிட டப்பா விலை அதிகம், அதுதான் உன் போர்டுக்கான இடம். ஒன்று செத்தால் கடைக்காரர் இன்னொன்றைச் சொருகிக்கொள்வார், யார் மாவும் பொங்காது. உன்னைப் பற்றிச் சொன்னேன், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். ஒத்துக்கொண்டால் மூன்று விஷயம் செய்யணும். மூடின பெட்டி வேண்டும், போர்டு மேலே ஈரம் இறங்காத பூச்சு வேண்டும், புரோகிராம் என்னிடமும் ஒரு காப்பி இருக்கணும். அவருக்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை, அது உன் தொழில், நீயே பேசு. நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

விட்டுவிட்டு ஓடுவதில் இந்த வீட்டில் நான்தான் சீனியர். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் வகுப்பில் உட்கார முடியாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பத்தொன்பது வயதில் உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒயர் இழுத்தவள், இன்றைக்கும் அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் விட்ட மறுநாளே ஒரு பேனல் கடையில் வேலை இருந்தது. உனக்கு இன்னும் இல்லை. பத்து நாள் லீவு போட்டு வா. ஒரு நாள் முழுக்க கிளியம்மாள் அக்கா கூட நின்று மாவு பாக்கெட் பிடித்துக் கொடு, முடிச்சூர் போய் அந்த மெஷினை நீயே மிதித்துப் பார், அதற்குப் பிறகும் இதுதான் வேண்டுமென்றால் நம் ஒர்க்‌ஷாப்பில் ஜன்னல் பக்கத்து மேஜை உனக்கு.

நல்லாயிரு, நேரத்துக்குச் சாப்பிடு, குல்லாவைப் போடு, யாரும் பார்க்கமாட்டார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. அதைக் கிழிக்கவேண்டாம். தேதி மட்டும் போடாதே.

உன் அம்மா,
ஹேமாவதி